ஜன்னல் ஓரத்தில் ஓர் இடம்

(பட்டிமன்றத் தலைப்பு: பயணத்தில் பெரிதும் இன்பம் தருவது ஜன்னல் ஓர இருக்கையா? பக்கத்து இருக்கை மனிதரா? உதகமண்டலத்தில் நடந்த பட்டிமன்றத்தில், 'ஜன்னல் ஓர இருக்கையே' என்னும் அணியில் நிறைவாகப் பேசியது.)

நடுவர் அவர்களே! என் அணி நண்பர்களே! இவ்வளவு நேரம் தவறாகவே பேசினாலும் அதைத் தமிழாகப் பேசிய எதிரணி நண்பர்களே! இந்தக் குளிரிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் சூடாகக் காப்பி குடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாக்கியசாலிகளே! 

இந்த ஊரில் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. நல்ல கருத்தாக ஒன்று சொல்லிவிட்டு கைதட்டலுக்காகக் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. பேச்சு சரியில்லையோ என்று பயந்துபோய்ப் பார்த்தால், எல்லோரும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கையில் கம்பளி உறை! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இந்தத் தலைப்புக்கு நீங்கள் நடுவராக வந்ததில் எனக்கு முதலிலேயே ஒரு சந்தேகம். நடுவருக்கு எப்போதும் கிடைப்பது நடு இருக்கைதான். ஜன்னல் ஓரத்தின் அருமை உங்களுக்கு எப்படித் தெரியும்? (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியின் முதல் பேச்சாளர் ஒரு கேள்வி கேட்டார். 'ஜன்னல் மரத்தைக் காட்டும், மட்டையைக் காட்டும். மனிதனின் மனத்தைக் காட்டுமா? பக்கத்து இருக்கைக்காரர்தானே மனத்தைக் காட்டுவார்?' என்றார். ஐயா, பக்கத்து இருக்கைக்காரர் மனத்தைக் காட்டுகிறாரா? வண்டி கிளம்பி ஐந்து நிமிஷத்தில் 'சம்பளம் என்ன?' என்பார். பத்தாவது நிமிஷத்தில் 'சொந்த வீடா, வாடகையா?' என்பார். பதினைந்தாவது நிமிஷத்தில் நம் தோளைத் தலையணையாக்கிக் குறட்டை விடுவார். (சிரிப்பு) அது அந்தக் காலம். இந்தக் காலத்தில் அவர் பேசுவதே இல்லை. செல்போனில் சத்தமாகப் படம் பார்க்கிறார். அந்தப் படம் நமக்கும் சேர்த்துத்தான் ஓடுகிறது!

கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களின் பெயரைச் சொன்னார். இதே மாதிரி ஒரு மலைச்சாரலைக் கண்ணால் பார்த்தவர் அவர். அவருக்குப் பக்கத்தில் நம் எதிரணி நண்பர் ஒருவர் உட்கார்ந்து, 'புலவரே, பையன் எங்கே வேலை பார்க்கிறான்?' என்று கேட்டுக்கொண்டே வந்திருந்தால், 99 பூவா கிடைத்திருக்கும்? ஒன்பது பூ கிடைத்திருந்தால் அதிகம்! (பலத்த கைதட்டல்)

அதே சமயம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டால் போதாது. எந்த ஜன்னல், எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். விமானத்திலே போகிறீர்கள். முன்பெல்லாம் ஜன்னல் ஓரம் கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். இப்போது பல விமானங்களில் அதற்குத் தனியாகப் பணம் வாங்குகிறார்கள். சரி என்று பணமும் கட்டி உள்ளே போய் உட்கார்ந்தால், இறக்கைக்கு நேர் மேலே இடம்! பயணம் முழுக்க ஒரு தகரத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். சில விமானங்களில் இன்னும் விசேஷம். ஒன்றிரண்டு வரிசைகளில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர்தான் இருக்கும். குளிர்காற்றுக் குழாய் அந்த வழியாகப் போகிறதாம். சுவர் ஓரத்துக்குக் காசு கொடுத்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (சிரிப்பு)

ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? இறக்கைக்கு நன்றாக முன்னால், அல்லது நன்றாகப் பின்னால் உள்ள வரிசையாகப் பார்ப்பார்கள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் உட்காருவார்கள். வெயில் பக்கம் உட்கார்ந்தால் கண் கூசி மறைப்பை இழுத்துவிட வேண்டியதுதான். 'ஏ' என்று போட்டிருந்தால் அது இடது கோடி ஜன்னல். மூன்று மூன்றாக ஆறு இருக்கை உள்ள விமானத்தில் 'எஃப்' என்றால் வலது கோடி. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் ஏற வேண்டும். எதிரணி நண்பர்களே, பக்கத்து இருக்கை மனிதரைப் பிடிக்க இவ்வளவு படிப்பு வேண்டுமா? அவர் தானாகவே வந்து உட்கார்ந்துவிடுவாரே! (சிரிப்பு)

இப்போது நம் ஊர் வண்டிக்கு வருகிறேன். இங்கே வந்து மலை ரயிலைப் பற்றிப் பேசாமல் போனால் இந்த மலையே என்னை மன்னிக்காது.

உங்கள் மலை ரயில் சாதாரண ரயில் இல்லை. 1854-லேயே இதற்கு யோசனை சொன்னார்கள். வேலை தொடங்கியது 1891-இல். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வண்டி ஓடியது. 1908-இல் உதகை வந்து சேர்ந்தது. யோசனைக்கும் ஊர் வந்து சேர்ந்ததற்கும் நடுவே 54 வருஷம்! அதனால்தான் இன்றைக்கும் அவசரமில்லாமல் போகிறது. (சிரிப்பு) சுமார் 46 கிலோமீட்டர் தூரம். 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கல்லாறு தாண்டினால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை. எஞ்சினிலே இருக்கிற பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம். இந்தியாவில் இப்படிப் பல் சக்கரத்தில் ஏறும் ரயில் பாதை இது ஒன்றுதான். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏறுவதற்கு ஏறக்குறைய 5 மணி நேரம். பஸ்ஸில் போனால் இதில் பாதி நேரம்கூட ஆகாது. இருந்தும் ஏன் ஜனங்கள் முந்தி அடித்து முன்பதிவு செய்கிறார்கள்? பக்கத்து இருக்கை மனிதரோடு 5 மணி நேரம் பேசவா? அந்த மனிதர் பஸ்ஸிலும் இருக்கிறாரே! வேண்டியது ஜன்னல், நடுவர் அவர்களே, ஜன்னல்! (கைதட்டல்)

சில மாதங்களுக்கு முன்னால் நானும் என் மனைவியும் அந்த வண்டியில் வந்தோம். போய்வந்த நண்பர்களையெல்லாம் விசாரித்தேன். 'மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இடது பக்கம் உட்காருங்கள். பள்ளத்தாக்கு முழுக்க அந்தப் பக்கம்தான்' என்றார்கள். மனப்பாடம் செய்துகொண்டேன். இடது பக்கம், இடது பக்கம். காலையில் நடைமேடையில் முதல் ஆளாக நின்றேன். இடது பக்கம் எது? எஞ்சினைப் பார்த்து நின்று கையை நீட்டினால் தெரிந்துவிடப் போகிறது. எஞ்சினைப் பார்த்து நின்றேன். கையை நீட்டினேன். வண்டிக்குள் பாய்ந்தேன். அந்தக் கோடி ஜன்னலைப் பிடித்து உட்கார்ந்துகொண்டேன்.

என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்தப் பக்க ஜன்னலும் காலியாத்தானே இருக்கு, அங்க உக்காரலாமா?" நான் சொன்னேன், "உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் விசாரிச்சுட்டு வந்திருக்கேன்." முனைவர் பட்டம் பேசுகிறது, பாருங்கள்! (சிரிப்பு)

வண்டி கிளம்பியது. நான் எந்தப் பக்கம் போகும் என்று நினைத்தேனோ அதற்கு எதிர்ப்பக்கம் கிளம்பியது. ஏன் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அதனால்தான் இப்போதே சிரிக்கிறீர்கள். எல்லா ரயிலிலும் எஞ்சின் முன்னால் நின்று இழுக்கும். மலை ஏறும்போது இந்த ரயிலில் எஞ்சின் பின்னால் நின்று தள்ளும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) நான் எஞ்சினைப் பார்த்து இடது பக்கம் கண்டுபிடித்தேன். எஞ்சின் இருந்தது வாலில். என் இடது பக்கம் வண்டிக்கு வலது பக்கம் ஆகிவிட்டது. கல்லாறு தாண்டியதும் எதிர்க்கோடி ஜன்னலில் பள்ளத்தாக்கு, அருவி, மேகம். என் ஜன்னலில்? பாறை! மூக்கை நீட்டினால் இடிக்கிற தூரத்தில் ஈரப் பாறை. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நடுவர் அவர்களே, திருமணமானவர்களுக்குத் தெரியும், மனைவி ஒன்றும் சொல்லாமல் இருப்பதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. (சிரிப்பு)

அந்த எதிர்க்கோடி ஜன்னலில், என் மனைவி கேட்டாளே, அந்த இடத்தில், வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபதை ஒட்டிய வயது. பக்கத்தில் அவருடைய பேத்தி. அந்த அம்மா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே இருந்தார். திரும்பவே இல்லை. எனக்கு மனம் ஆறவில்லை. இப்போது நான் செய்த காரியத்தை உங்களிடம் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவரிடம் போய்க் கேட்டேன்: "பாட்டி, நீங்க இந்த மலைக்காரங்க மாதிரி தெரியுது. இதையெல்லாம் தினமும் பாக்குறவங்கதானே. நாங்க வெளியூரு. கொஞ்சம் மாறி உக்காருறீங்களா?"

அவர் திரும்பினார். கோபப்படவில்லை. "இல்லைங்கய்யா. இன்னிக்கு மட்டும் மாற மாட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து வண்டி குகைக்குள் நுழைந்தது. நான் என் இடத்துக்குத் திரும்பினேன். வெளியே கும்மிருட்டு. ஜன்னல் கண்ணாடியில் மலை தெரியவில்லை, பாறை தெரியவில்லை. என் முகம்தான் தெரிந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை.

குகை தாண்டி வெளிச்சம் வந்ததும் அந்த அம்மாவே பேசினார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. நான் குன்னூர்ப் பக்கம் தோட்டத்துல கொழுந்து எடுத்தவ. இத்தனை வருஷமா இந்தக் கோச்சி மேல போறதையும் கீழ போறதையும் வெளிய நின்னுதான் பாத்திருக்கேன். உள்ள இருந்து வெளிய பாக்கறது இன்னிக்குத்தான். பேத்தி மொதச் சம்பளத்துல டிக்கெட் எடுத்துக் குடுத்திருக்கா."

கோச்சி என்ற சொல்லைக் கவனித்தீர்களா? இலங்கை மலையகத்துத் தமிழர்கள் ரயிலைக் கோச்சி என்பார்கள். "அம்மா, நீங்க சிலோனா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

இந்த இடத்தில் இளைஞர்களுக்காக ஒரு சிறு செய்தி சொல்ல வேண்டும். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை ஏற்றுக்கொள்வது, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்வது. கணக்கு போட்டவர்கள் இரண்டு பேர். அந்தக் கணக்கிலே வந்தவர்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரம் வந்தவர்களில் எத்தனையோ பேர் இந்த நீலகிரியில் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் தமிழக அரசு இங்கே தேயிலைத் தோட்டத் திட்டமே தொடங்கியது. அங்கிருந்து அவர்கள் புறப்பட்ட ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ஒப்பாரிக் கோச்சி. ஏற்றிவிட வந்தவர்களும் அழுவார்கள், ஏறியவர்களும் அழுவார்கள். ஊர் ஊராக அழுகையை ஏற்றிக்கொண்டு அந்த ரயில் போகும்.

அந்த அம்மா சொன்னார்: "அப்ப எனக்குப் பதினாறு வயசு. எங்கப்பா என்னைய ஜன்னல் ஓரமா உக்கார வச்சாரு. 'நல்லாப் பாத்துக்க ஆத்தா, இனிமே இந்த மலையப் பாக்க முடியாது'ன்னாரு. அழுதுக்கிட்டே வந்தேன் ஐயா. கண்ணு முழுக்கத் தண்ணி. நான் பொறந்த மலை, ஒண்ணும் தெரியல. அப்பா பாத்துக்கச் சொன்னத நான் பாக்கவே இல்ல. அதான் இன்னிக்கு யாருக்கும் எடம் குடுக்காமப் பாத்துக்கிட்டு வாரேன்."

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, எழுபது வயதுப் பெண்மணி ஒருவர். வாழ்நாளில் மறக்க முடியாத ஜன்னல் ஓர இருக்கை அவருக்கு இரண்டு. முதல் ஜன்னலைக் கண்ணீர் மறைத்தது. இரண்டாவது ஜன்னலை மறைக்கப் பார்த்தவன் நான். (கைதட்டல்)

எதிரணித் தலைவர் குறித்துக்கொள்கிறார். என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். 'பேராசிரியரே, அந்த அம்மா யார்? பக்கத்து இருக்கை மனிதர்தானே! உங்கள் வாயாலேயே எங்கள் கட்சி ஜெயித்துவிட்டதே!' அதுதானே, ஐயா? தலையாட்டுகிறார். (சிரிப்பு)

ஐயா, அந்த அம்மா என்னோடு பேச வரவில்லை. ஜன்னலுக்காக வந்தார். நானும் அவரிடம் பேசப் போகவில்லை. ஜன்னலைக் கேட்கப் போனேன். ஜன்னல் இல்லாவிட்டால் நானும் அவரும் முகத்தை முகம் பார்க்காமல் வந்து இறங்கியிருப்போம். பேச எடுத்துக் கொடுத்தது எது? ஜன்னல்! பேச வேண்டிய விஷயத்தைக் கொடுத்தது எது? ஜன்னல்! பக்கத்து இருக்கைக்காரரை மனிதராகக் காட்டியதும் அதே ஜன்னல்தான்! (பலத்த கைதட்டல்)

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ரன்னிமேடு பக்கம் வந்தபோது அவரே என் மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வாங்க தாயி, ஒடுங்கி உக்காருவோம், நீங்களும் பாருங்க." பேத்தி நகர்ந்து இடம் கொடுத்தது. வெளியே தேயிலைச் சரிவில் பெண்கள் கூடையோடு நின்றார்கள். வண்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கை ஆட்டின. சரிவில் இருந்தவர்கள் திருப்பி ஆட்டவில்லை. ஒரு சின்னப் பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த அம்மா அவனிடம் சொன்னார்: "கோவிச்சுக்காத சாமி. அவங்களுக்கு ரெண்டு கையும் வேலையில இருக்கு. ரெண்டு இலை ஒரு கொழுந்து, விடாமக் கிள்ளணும். தலைய ஆட்டுறாங்க பாரு, அதுதான் உனக்கு டாட்டா." உற்றுப் பார்த்தோம். ஆமாம், தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

எத்தனை தடவை இந்த மலைக்கு வந்திருப்பேன்! 'ஆகா, பச்சைக் கம்பளம்' என்று எத்தனை மேடையில் வருணித்திருப்பேன்! கம்பளத்துக்குள்ளே தலை ஆடுவது அன்றைக்குத்தான் தெரிந்தது. 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சி உங்கள் கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தது. பார்த்திருப்பீர்கள். ஜன்னலுக்கு உள்ளே ஒருத்தி, வெளியே ஒருவன். அவன் தவிக்கிறான், அவளுக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. 1982-இல் வந்த படம், இன்றைக்கும் ஏன் அழுகிறோம்? உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்பவரைத் தெரியாமல் போவதைவிடப் பெரிய சோகம் வேறில்லை. ஜன்னல் ஓரம் உட்காருவது சும்மா பொழுதுபோக்கு இல்லை, ஐயா. வெளியே நிற்பவரை அடையாளம் கண்டுகொள்ளக் கிடைக்கிற வாய்ப்பு. (கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இரண்டே நிமிஷம், நடுவர் அவர்களே. இந்த ஊர் ரயிலுக்கு 5 மணி நேரம் கொடுத்த நீங்கள் எனக்கு இரண்டு நிமிஷம் கொடுக்கக் கூடாதா? (சிரிப்பு)

குன்னூரில் அந்த அம்மா இறங்கினார். "இனிமே நீங்க உக்காருங்கய்யா" என்று அந்த இடத்தைக் கையால் துடைத்துவிட்டுப் போனார். நான் வழக்கம்போல ஜன்னலை நோக்கி நகர்ந்தேன். நகர்ந்தவன் நின்றேன். என் மனைவியைப் பார்த்தேன். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறது. எத்தனை பஸ், எத்தனை ரயில்! அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முதலில் நான் உட்கார்ந்தேன். அப்புறம் மகன் அழுதான், அவன் உட்கார்ந்தான். மகள் அடம்பிடித்தாள், அவள் உட்கார்ந்தாள். இப்போது பேரன் உட்காருகிறான், அவனும் கையில் செல்போனை வைத்துக்கொண்டு, 'வெளிச்சம் அடிக்குது தாத்தா, ஜன்னலை மூடு' என்கிறான்! இவள் எப்போதும் நடுவிலே, மடியில் சாப்பாட்டுப் பையோடு. அன்றைக்குக்கூடத் தப்பான பக்கத்து ஜன்னலையும் நான்தான் பிடித்து வைத்திருந்தேன், அவளுக்குக் கொடுக்கவில்லை.

"நீ உக்காரு" என்றேன். "எனக்கு எதுக்குங்க?" என்றாள். கேட்டீர்களா, எனக்கு எதற்கு என்று! அப்புறம் உட்கார்ந்தாள். வெலிங்டன் போயிற்று, அருவங்காடு போயிற்று, கேத்தி போயிற்று, லவ்டேல் போயிற்று. உதகை வரும்வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்காத ஒரு மணி நேரம் அதுதான். (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, பயணத்தில் பெரிதும் இன்பம் தருவது ஜன்னல் ஓர இருக்கையே. அதில் சந்தேகம் இல்லை. அவ்வளவு பெரிய இன்பமாக இருப்பதால்தான், கேட்டு வாங்கத் தெரிந்தவன் அதைப் பிடித்துக்கொள்கிறான், கேட்கத் தெரியாதவர்களுக்கு அது கிடைக்காமலே போய்விடுகிறது. வீட்டுக்குப் போனதும் ஒரு கணக்கு எடுங்கள். உங்கள் வீட்டில் இதுவரை ஜன்னல் ஓரம் உட்காராதவர் யார்? அம்மாவா? மனைவியா? எல்லோருக்கும் இடம் விட்டுக்கொடுத்த அத்தையா? அடுத்த பயணத்தில் அவரை அங்கே உட்கார வையுங்கள். எந்தப் பக்கம் என்று மட்டும் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எந்தப் பக்கம் என்று பார்க்காதீர்கள். வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்! (சிரிப்பு)

ஜன்னல் ஓரத்துக்கே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நடுவரைக் கேட்டு, நடு இருக்கையில் இருந்தாலும் நியாயமாகப் பார்க்கக்கூடியவர் நீங்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன். 

(பலத்த கைதட்டல்)